மாடியில் மிளகாய், விதையிலிருந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் மிளகாய் வளர்ப்பது குறித்துக் கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே குறையைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன: விதை போட்டேன், முளைக்கவில்லை. ஆகவே முதல் பதில் சற்று நீளமாகவே அமைந்துவிட்டது.

மளிகைக் கடையில் வாங்கிய வற்றலைப் பிய்த்து மூன்று முறை விதை தூவினேன். முதல் முறை இரண்டு செடிகள் வந்தன. அடுத்த இரண்டு முறையும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. மண் கலவையிலும் தண்ணீரிலும் குறை வைக்கவில்லை. தவறு எங்கே?
– வாசகி, திருச்சி

தவறு மண்ணில் இல்லை, வற்றலில் இருக்கிறது. கடைக்கு வரும் வற்றல் சமையலுக்காகக் காயவைக்கப்பட்டது. அதற்குள் இருக்கும் விதை உயிரோடு இருக்க வேண்டும் என்ற கவலை யாருக்கும் இருந்திருக்காது. கொதிக்கும் களத்தில் பல நாட்கள் கிடந்து, மூட்டையில் கட்டப்பட்டு, கிடங்கில் எவ்வளவு காலம் இருந்தது என்பது தெரியாமல் உங்கள் அஞ்சறைப் பெட்டிக்கு வந்து சேர்ந்த விதை அது. மிளகாய் விதை சாதாரணமாக வைத்திருந்தால் இரண்டு ஆண்டுகள் வரை நன்றாக முளைக்கும். அதன் பிறகு முளைப்புத்திறன் வேகமாகக் குறையும். முதல் முறை உங்களுக்குக் கிடைத்தது புது வற்றலாக இருந்திருக்கலாம்.

வற்றல் விதையையே பயன்படுத்த வேண்டுமென்றால், மண்ணில் போடுவதற்கு முன் அதைச் சோதித்துவிடுங்கள். பத்து விதைகளை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மடித்து, ஒரு டப்பாவில் போட்டு மூடி, சமையலறையில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். பத்தாம் நாள் பிரித்துப் பார்க்கும்போது ஆறு விதைகளாவது வெள்ளை வேரை நீட்டியிருந்தால் அந்த வற்றலை நம்பலாம். ஒன்றிரண்டுதான் முளைத்திருக்கிறது என்றால் மீதியைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விதை தண்ணீரில் மூழ்கினால் நல்லது, மிதந்தால் பதர் என்று நெல்லுக்குச் சொல்லும் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். காய்ந்த மிளகாய் விதை தட்டையானது, எடையற்றது. நல்ல விதையும் மிதக்கும்.

இதைவிட நல்ல வழி, உங்களுக்குப் பிடித்த மிளகாயின் நன்கு சிவந்த பழம் ஒன்றை, விளைவிப்பவரிடமே கேட்டு வாங்கிவிடுவது. பச்சை மிளகாயில் உள்ள விதை முற்றாதது. அதை எடுத்து விதைப்பது வீண் வேலை. பழம் முழுவதும் சிவந்து, தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகு கீறி விதையைத் தாளில் உதிர்த்து, ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். விரலால் வளைத்தால் வளையாமல் முறிய வேண்டும், அதுதான் பதம். காகித உறையில் போட்டு, மேலே ரகமும் மாதமும் எழுதி, அந்த உறையைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடிவையுங்கள். எழுதாமல் வைத்த உறை எது என்று மறந்துபோய், குண்டு மிளகாய் என நினைத்து ஒரு பட்டம் முழுக்க நீட்டு மிளகாயை வளர்த்தவன் நான். விதைக் கடையில் வீரிய ஒட்டு ரகம் வாங்கினால் முதல் தலைமுறை அருமையாக வரும். அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. ஆண்டுதோறும் சொந்த விதை எடுக்க நினைப்பவர்களுக்கு ராமநாதபுரம் குண்டு போன்ற நாட்டு ரகங்களோ, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கே1, கே2, பாலூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பிஎல்ஆர்1 போன்ற ரகங்களோதான் பொருந்தும்.

இனி விதைப்பு. விதையை இரவு முழுவதும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, குழித்தட்டில் குழிக்கு ஒன்றாக, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள். அரை சென்டிமீட்டர் என்பது சுண்டுவிரல் நகத்தின் பாதிதான். பலர் விரலை முதல் கணுவரை மண்ணுக்குள் விட்டு விதையைப் புதைத்துவிடுகிறார்கள். மண் வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் சாதாரண ரகங்கள் ஏழிலிருந்து பத்து நாட்களில் தலைகாட்டும். ஆடியிலும் புரட்டாசியிலும் நம் ஊர்களில் அந்த வெப்பம் தானாகவே கிடைக்கிறது. தை, மாசியிலும் பாதகமில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து வாசகர்கள் மட்டும் தட்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். முளைக்கும்வரை வெளிச்சம் அவசியமில்லை, ஈரமும் கதகதப்பும் போதும். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால்கூட நாற்று வெளிறிக் கொடிபோல நீண்டுவிடும். இடையில் மண்ணைக் கிளறி, முளைத்துவிட்டதா என்று பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். என் முதல் தொட்டியில் பாதி விதைகளை என் விரலே கொன்றது.

விதைகள் நன்றாக முளைத்தன. இரண்டு இலைகள் விரிந்த பிறகு, ஒரே இரவில் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. காலை, மாலை தவறாமல் தண்ணீர் தெளித்தேன். ஏன் இப்படி?
– வாசகர், சேலம்

கேள்வியின் மூன்றாவது வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது. சாய்ந்த நாற்றை எடுத்து மண்மட்டத்துக்கு நேராகப் பாருங்கள்: தண்டு வெந்த கீரைத்தண்டு போல நீர்கோத்து, நூலாக மெலிந்திருக்கும், மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். இது நாற்றழுகல் நோய். எப்போதும் நனைந்தே கிடக்கும் மண்ணில் வாழும் பூஞ்சைகளால் வருவது. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. அதை உடனே அப்புறப்படுத்தி, மற்றவற்றுக்குத் தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினால் அவை பிழைக்கலாம்.

அடுத்த முறை விதைக்கும்போது, தோட்டத்து மண்ணைத் தவிர்த்து, கழுவிய தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் மட்டும் கலந்த கலவையைப் பயன்படுத்துங்கள். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) என்பது வேளாண் துறையினர் சொல்லும் அளவு. வீட்டில் ஒரு கரண்டி விதைக்கு ஒரு சிட்டிகை போதும். தண்ணீரை மேலிருந்து தெளிக்காமல், தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் கால்மணி நேரம் வைத்து எடுத்துவிடுங்கள். கலவையின் மேற்பரப்பு நிறம் மாறிக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். மிளகாய் நாற்று தண்ணீர் இல்லாமல் வாடினால், தண்ணீர் கொடுத்ததும் மாலைக்குள் நிமிர்ந்துவிடும். தண்ணீர் அதிகமாகிச் சாய்ந்தால் நிமிராது.

நாற்றை எப்போது தொட்டிக்கு மாற்றுவது? எவ்வளவு பெரிய தொட்டி?
– வாசகி, கடலூர்

முப்பத்தைந்து முதல் நாற்பது நாட்களில், ஆறேழு இலைகள் வந்த பிறகு, மாலை நேரத்தில் மாற்றுங்கள். செடிக்கு ஒரு தொட்டி. பத்து முதல் பதினைந்து லிட்டர் கொள்ளளவு, அடியில் வடிகால் துளைகள். ஒரே தொட்டியில் நான்கு நாற்றுகளை வைத்தால் நான்கும் சோனியாகவே நிற்கும்.

மூன்று மாதச் செடி. நுனி இலைகள் எல்லாம் சுருண்டு சிறுத்துவிட்டன. பக்கத்து வீட்டில் வைரஸ் என்கிறார்கள், நர்சரியில் சத்துக்குறைவு என்று ஒரு உரம் கொடுத்தார்கள், கைபேசியில் பார்த்தால் புளித்த மோர் தெளிக்கச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?
– வாசகி, மதுரை

யாரையும் கேட்பதற்கு முன் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். கடிதத்தில் அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள், அதனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடங்கி, இலை படகு போலக் குழிந்திருந்தால் அது பெரும்பாலும் இலைப்பேனின் வேலை. ஒரு வெள்ளைத் தாளை நுனிக்கொத்துக்கு அடியில் பிடித்துக்கொண்டு, கிளையை இரண்டு தட்டு தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், சீவிய பென்சில் துகள் போல விழுந்து, சற்று நேரத்தில் ஓடத் தொடங்குபவைதாம் இலைப்பேன்கள். பூவுக்குள்ளும் ஒளிந்திருக்கும். மாறாக, இலை ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, குடையைக் கவிழ்த்தாற்போல் ஆகி, காம்பு மட்டும் எலிவால் போல நீண்டிருந்தால் அது மஞ்சள் சிலந்தி என்னும் நுண்பேன். இதை வெறும் கண்ணால் காண இயலாது, உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். மூன்றாவது வகையில், இலை சுருள்வதோடு நரம்புகள் மஞ்சளாகிச் செடியே குட்டையாகி, கணுக்கள் நெருங்கிக் கொத்தாக நிற்கும். தொட்டால் அடியிலிருந்து வெள்ளை ஈக்கள் சிறு புகைபோலப் பறக்கும். அதுதான் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ்.

மருத்துவம் இந்த மூன்றுக்கும் ஒன்றல்ல. இலைப்பேனுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளியுங்கள். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம். எண்ணெய் கரையாமல் மேலே மிதந்தால் இலை கருகும், எனவே சோப்பைத் தவிர்க்காதீர்கள். நீல நிற ஒட்டும் அட்டையைச் செடியின் உயரத்தில் கட்டிவைத்தால் இலைப்பேன் வந்து ஒட்டும். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை. சிலந்தி என்றால் சுருண்ட நுனிகளைக் கிள்ளி, உறையில் போட்டுக் கட்டி எறிந்துவிட்டு, நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலக்கும் கந்தகத்தூள்) லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். ஆனால் கந்தகத்தையும் வேப்பெண்ணெயையும் இரண்டு வார இடைவெளியில்லாமல் அடுத்தடுத்துத் தெளித்தால் இலை வெந்துவிடும். உச்சி வெயில் காலத்தில் கந்தகமே வேண்டாம். வைரஸுக்கு மருந்து இல்லை. மனம் கேட்காது என்றாலும் அந்தச் செடியைப் பிடுங்கி எறிவதுதான் பக்கத்துத் தொட்டிகளைக் காக்கும்.

நர்சரியில் கொடுத்த உரத்தை நிறுத்திவைக்கவும். தழைச்சத்து மிகுந்தால் வரும் இளந்தளிர், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு விருந்து.

செடி கழுத்தளவு வளர்ந்து பச்சைப்பசேல் என்று இருக்கிறது. பூக்கள் வருகின்றன, காம்போடு உதிர்கின்றன. சித்திரையிலிருந்து ஒரு காய்கூட நிற்கவில்லை.
– வாசகர், வேலூர்

வேலூர்ச் சித்திரை என்பதே பாதி விளக்கம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் மாடித்தளம் ஆறாமல் இருந்தால் மகரந்தம் கெட்டு, கருவுறாத பூ உதிரும். செடிக்கு நோய் இல்லை, பருவம் சரியில்லை. தொட்டிகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் வைத்து, பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை நிழல்வலைக்குக் கீழே இருக்கச் செய்யுங்கள். காலையில் பூத்த கிளைகளை மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் சேர உதவும். மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் ஒரு செடியே காய்க்கப் போதுமானது. செடி கழுத்தளவு வளர்ந்திருக்கிறது என்பதால் தழைச்சத்து மிகுந்துவிட்டதோ என்ற ஐயமும் எனக்கு இருக்கிறது. எருவைக் குறைத்து, சாம்பலைச் சிறிதளவு கொடுங்கள்.

பெருங்காயம் கலந்த புளித்த மோர் பூவை நிறுத்தும் என்று பலர் எழுதுகிறார்கள். நானும் ஓர் ஆண்டு தெளித்தேன், பூ நின்றது. ஆனால் அதே வாரத்தில் கோடை மழையும் இரண்டு நாட்கள் பெய்திருந்தது.

குடைமிளகாயையும் காரமிளகாயையும் அருகருகே வைத்தால் குடைமிளகாய் காரமாகிவிடுமா?
– வாசகர், தூத்துக்குடி

இந்த ஆண்டு காய்க்கும் காய் காரமாகாது. காயின் சதை தாய்ச்செடியுடையது. அயல் மகரந்தம் விதைக்குள் மட்டுமே போகிறது. அந்த விதையை எடுத்து அடுத்த ஆண்டு நட்டால் காரமான குடைமிளகாய் வரக்கூடும். விதைக்காக ஒதுக்கும் கிளையில், பூ விரியும் முன்பே வலைத்துணிப் பை ஒன்றைக் கட்டி, பிஞ்சு தெரிந்ததும் அவிழ்த்து, அந்தக் காம்பில் ஒரு நூலை அடையாளமாகக் கட்டிவிடுங்கள்.

உலகிலேயே அதிகக் காரமான மிளகாய் என்று பூத் ஜோலோக்கியா விதையை இணையத்தில் வாங்கினேன். இருபது நாட்களாகியும் முளைக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

அவசரப்பட வேண்டாம். அசாம், நாகாலாந்து, மணிப்பூர்ப் பகுதிகளின் இந்த மிளகாய், நம் வற்றல் மிளகாயின் இனமே அல்ல. வேறோர் இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்து விதைகள் முளைக்க மூன்று, நான்கு வாரங்கள்கூட ஆகும். தட்டின் மீது கண்ணாடித் தாளைப் போர்த்தி, ஈரம் வற்றாமல் இன்னும் இரண்டு வாரம் காத்திருங்கள். வளர்ந்த பிறகும் இது கோவையின் மேற்குக் காற்றையும் நேர் வெயிலையும் விரும்பாது. புழுக்கமான அரைநிழலில் நன்றாக வரும். காய் சுருக்கம் விழுந்து, சொரசொரப்பாக, வால் நீண்டு பழுக்கும். வழவழப்பாக வந்தால் அப்போது விற்றவரைக் கேளுங்கள்.

‘உலகிலேயே’ என்ற பட்டம் பழையது. காரத்தை அளக்க 1912இல் அமெரிக்க மருந்தியலர் வில்பர் ஸ்கோவில் ஏற்படுத்திய அளவுகோலில், பத்து லட்சம் அலகைத் தாண்டியதாக 2007இல் கின்னஸ் பதிவைப் பெற்றது பூத் ஜோலோக்கியா. பின்னர் கரோலினா ரீப்பர் வந்தது. 2023இல் பெப்பர் எக்ஸ் என்பது ஏறத்தாழ 26.9 லட்சம் அலகுகளோடு முதலிடம் பிடித்தது. நம் பூத் ஜோலோக்கியாவே ஒரு பானைச் சாம்பாருக்கு அரைக் காய் மிகுதி என்னும்போது, அதற்கு மேல் உள்ளவை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் செத்தலுக்காக (வற்றலுக்காக) வளர்த்த மிளகாயில் உறைப்பே இல்லை. விதைதான் உறைப்பு என்பார்கள், விதை நிறையவே இருக்கிறது. உறைப்பைக் கூட்ட உரம் உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

விதையில் உறைப்பு இல்லை. காயைப் பிளந்தால், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறத் தசை ஒன்று காம்பிலிருந்து இறங்கி வருவதைக் காணலாம். உறைப்பைத் தரும் காப்சைசின் என்னும் பொருள் உருவாவது அங்கேதான்; அதை உரசிக்கொண்டிருப்பதால் விதையும் காரமாகத் தெரிகிறது. கழுவிக் காயவைத்த விதை ஒன்றை மென்று பார்த்தால் வேறுபாடு புரியும்.

உறைப்பின் அளவை முதன்மையாக ரகமே தீர்மானிக்கிறது. கர்நாடகத்து பியாட்கி மிளகாயை எப்படி வளர்த்தாலும் நிறம்தான் மிகும், உறைப்பு மிகாது. அதற்கென ஓர் உரம் இருப்பதாக யாரேனும் விற்றால் வாங்க வேண்டாம். ரகத்தின் எல்லைக்குள் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: காய் முற்றும் காலத்தில் தண்ணீரைச் சற்று இறுக்கிப் பிடிப்பது. தினமும் குடம் குடமாக ஊற்றிய செடியின் காய் பெரிதாக இருக்கும், சப்பென்றும் இருக்கும். காய்களை முழுதும் முற்றவிட்டுப் பறிக்கவும் மறவாதீர்கள்.

லண்டனில் இருக்கிறோம். அம்மா அனுப்பிய குண்டு மிளகாய் விதை இருக்கிறது. இங்கே வளருமா?
– வாசகி, லண்டன்

வளரும், நம் பட்டக் கணக்கை மட்டும் மறந்துவிட வேண்டும். பிப்ரவரியில் வீட்டுக்குள்ளேயே, கதகதப்பான இடத்தில் விதைத்து, முளைத்ததும் தெற்குப் பார்த்த ஜன்னலுக்கு மாற்றுங்கள். உறைபனி அபாயம் முற்றிலும் நீங்கும் மே மாத இறுதிவரை வெளியே வைக்காதீர்கள். அதற்கு முன் ஒரு வாரம் பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் குண்டு மிளகாய், ராமநாதபுரத்து வெயிலில் மானாவாரியாக விளைந்து பழகியது. உங்கள் ஊர்க் கோடையில் காய் பிடிக்கும், எல்லாம் சிவந்து முடியுமா என்பது அந்த ஆண்டின் வெயிலைப் பொறுத்தது. குளிர்காலத்தில் செடியைக் குறைத்து வெட்டி வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினால், அடுத்த ஆண்டு முன்னதாகவே காய்க்கும். மிளகாய் ஓராண்டுப் பயிர் அல்ல, நாம்தான் அதை அப்படி நடத்துகிறோம்.

எங்கள் தோட்டத்தில் விதைக்காத இடத்திலெல்லாம் காந்தாரி மிளகாய் முளைக்கிறது. விதைத்த இடத்தில் முளைப்பதில்லை. அதோடு, விதை எடுத்த அன்று இரவு முழுவதும் விரல்கள் எரிந்தன. என்ன செய்வது?
– வாசகி, நாகர்கோவில்

விதைத்தது கொண்டைக்குருவியாக இருக்கும். மிளகாயின் காரம் பாலூட்டிகளின் வாயைத்தான் எரிக்கும். பறவைகளுக்கு அது உறைப்பதில்லை. அவை பழத்தை விழுங்கி, விதையைச் சேதமின்றி எச்சத்தோடு வேலியோரத்தில் போட்டுவிட்டுப் போகின்றன. நூறு விதைகள் விழுந்து ஒன்று முளைத்தாலும் அந்த ஒன்றுதான் உங்கள் கண்ணில் படுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். காந்தாரி முளைக்க வற்றல் மிளகாயைவிடக் கூடுதலாக நாளாகும். ஊறவைத்து விதைத்து, மூன்று வாரமாவது பொறுங்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால், தானாக முளைத்த கன்றை விரற்கடை உயரத்தில் மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

எரிச்சலுக்குத் தண்ணீர் பயன்படாது, காப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை. முதலில் தேங்காயெண்ணெயை விரல்களில் நன்றாகத் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, இதையே இரண்டு மூன்று முறை செய்யுங்கள். தயிரில் விரலை வைத்திருந்தாலும் தணியும். அடுத்த முறை கையுறை அணிந்துகொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து விதை எடுங்கள். கையுறையைக் கழற்றிய பிறகும் ஒரு மணி நேரம் கண்ணைத் தொடாதீர்கள், குழந்தையைத் தூக்காதீர்கள்.